சிறுமியரின் சூலகக் கட்டி: ஒரு சத்திர சிகிச்சையின் சரித்திரம்

மும்பையின் மாதுங்காவிலோ, தில்லியின் கரோல்பாகிலோ, ஜாம்ஷெட்பூரின் ஆலைக் குடியிருப்பிலோ வாழும் நம்மவர் இல்லம் ஒன்றை மனக்கண்முன் கொண்டுவருவோம். இரவு 10 மணி. 11 வயதுச் சிறுமி ஒருத்தி திடீரென்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். வாய்வாக இருக்கும் என்று தாய் ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டி, குடலேற்றம்தான், விளக்கெண்ணெய் தடவி உருவிவிடு என்கிறாள். நாளைக்குக் கணக்குப் பரீட்சை அல்லவா, அதற்காக நடிக்கிறாள் என்று தந்தைக்கு ஓர் ஐயம். நள்ளிரவில் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுக்கிறாள். விடியற்காலையில் வலி சற்றே தணிகிறது. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர்.

அந்த நிம்மதி நியாயமானதாகவும் இருக்கலாம்; பெரும் பிழையாகவும் இருக்கலாம். குழந்தைகளின் வயிற்றுவலிகளில் பெரும்பாலானவை தாமே வந்து தாமே போகின்றன. எனினும், அவற்றினிடையே அரிதாக ஒன்று உண்டு. அதுவே சூலக முறுக்கு. சூலகம் தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, தனக்கு வரும் இரத்தத்தைத் தானே தடுத்துக்கொள்ளும் நிலை அது. பல சமயங்களில் அதற்கு அடிப்படையாக ஒரு கட்டியும் இருக்கும். அந்தக் கட்டியை வெட்டி எடுக்க மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான், பின்னர் வெட்டாமல் காக்க எவ்வாறு கற்றுக்கொண்டான் என்பதே இப்பேச்சின் பொருள். இரண்டாவது பாடத்தைக் கற்க மருத்துவ உலகிற்கு முதற் பாடத்தைக் காட்டிலும் கூடுதலான காலம் பிடித்தது என்பது வியப்பிற்குரியது.

முதலில் உறுப்பை அறிவோம். சினைப்பை என்றும் சூலகம் என்றும் நாம் வழங்குவது, கருப்பையின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக அமைந்த சிறிய உறுப்பு. வளர்ந்த பெண்ணுக்கு அது தோலோடு கூடிய வாதுமைக் கொட்டையின் அளவே இருக்கும். பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுடைய வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தும் அங்கே அமைந்துவிடுகின்றன. பிறக்கையில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை. பூப்பெய்தும் காலத்தில் சில லட்சம். புதிதாக ஒன்றும் பின்னர் உண்டாவதில்லை. அதுமட்டுமன்று, உடல் வளர்ச்சி, பூப்பு, எலும்பின் உறுதி ஆகியவற்றிற்கு வேண்டிய சுரப்புகளையும் அதுவே தருகின்றது. இவ்வளவு பெரும் செல்வத்தைத் தாங்கும் இவ்வுறுப்பு, கொடியில் தொங்கும் பிஞ்சு போல, தசைநார்களிலும் இரத்தக் குழாய்களிலுமே தொங்கிக்கொண்டிருக்கிறது. சிறுமியரிடத்தில் இத்தசைநார் ஒப்பளவில் நீளமானது. ஆகையால் சுழல்வதற்கு இடம் மிகுதி.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இவ்வுறுப்பில் கட்டி தோன்றினால் அது மரணத்திற்கு ஓலை வந்ததாகவே கருதப்பட்டது. கட்டி நாளுக்கு நாள் பெருத்து, வயிறு பானை போல் ஊதி, மூச்சு முட்டி, உணவு இறங்காமல் நோயாளி மடிவாள். மருத்துவர் செய்யக்கூடியது குழாய் ஊசியால் நீரை எடுப்பது ஒன்றே. எடுத்த நீர் மீண்டும் ஊறும். 1701-ல் ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஹூஸ்டன் என்ற மருத்துவர் ஒரு பெண்மணியின் வயிற்றைத் திறந்து சூலகக் கட்டியின் உள்ளடக்கத்தை வெளியேற்றிப் பிழைக்க வைத்தார். ஆயினும் கட்டியை முழுவதும் அகற்றும் துணிவு எவருக்கும் வரவில்லை. வயிற்றறையைத் திறந்தால் அழற்சி கண்டு நோயாளி இறப்பது திண்ணம் என்பது அன்றைய சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தைப் பொய்யாக்கியது லண்டனும் அன்று, பாரிஸும் அன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் காட்டோரம் இருந்த டான்வில் என்னும் சிற்றூர். அங்கே எஃப்ரெயிம் மக்டவல் என்பவர் மருத்துவம் செய்து வந்தார். எடின்பரோவில் பயின்றவர். 1809 டிசம்பரில், 60 மைல் தொலைவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் 40 வயதைக் கடந்த பெண்மணிக்கு இரட்டைக் கர்ப்பம் என்றும், பேறு காலம் கடந்துவிட்டது என்றும் உள்ளூர் வைத்தியர்கள் கருதியிருந்தனர். மக்டவல் சோதித்துப் பார்த்து, இது கருவன்று, கட்டி என்றார். தாம் செய்யக்கூடியதை ஒளிக்காமல் சொன்னார்: இத்தகைய கட்டியை எடுத்து எவரும் வெற்றி கண்டதில்லை, ஆயினும் அவள் டான்விலுக்கு வருவதாயின் தாம் முயன்று பார்ப்பதாகவும் கூறினார்.

அவள் வந்தாள். குளிர்காலத்தில், காட்டு வழியில், குதிரையின் மேல், அந்தப் பெருத்த வயிற்றைச் சேணத்தின் முன்கொம்பில் தாங்கவைத்துக்கொண்டு 60 மைல் வந்தாள். சேணம் உரசி வயிறு கன்றிப்போயிருந்தது. மயக்க மருந்து என்பதே உலகில் தோன்றாத காலம். வலியைப் பொறுக்க அவள் தோத்திரப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பர். மக்டவல் வயிற்றின் இடப்புறத்தைத் திறந்தார். கட்டி முழுதாக வெளிவர இயலாத அளவு பெரிதாக இருந்தது. முதலில் காம்பைக் கட்டினார்; பின்னர்க் கட்டியைத் திறந்து, கூழ் போன்ற 15 ராத்தல் பொருளை வெளியேற்றினார்; இறுதியில் 7½ ராத்தல் எடையுள்ள பையை அறுத்தெடுத்தார். மொத்தம் 22½ ராத்தல். 25 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. ஐந்தாம் நாள் அவர் நோயாளியைப் பார்க்கச் சென்றபோது, அவள் எழுந்து நின்று தன் படுக்கையைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள். 25 நாட்களில் ஊர் திரும்பினாள். அதன்பின் 30 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்து 1842-ல் மறைந்தாள்.

மக்டவல் உடனே பறை சாற்றவில்லை. எட்டாண்டுகள் கழித்து, மேலும் இருவருக்குச் செய்து பார்த்த பின்னரே, 1817-ல் பிலடெல்பியாவின் மருத்துவ ஏடு ஒன்றில் மூன்று நிகழ்ச்சிகளையும் சுருக்கமாக எழுதினார். பின்னைய இருவரும் கறுப்பினப் பெண்கள். அடிமை முறை நிலவிய நாட்டில், அடிமைப் பெண்களின் உடலில் கத்தி வைக்க அவர்களுடைய இசைவு எவ்வளவு கேட்கப்பட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். சத்திர சிகிச்சையின் சரித்திரத்தில் அவர்களுடைய கடன் இன்றும் தீராமல் நிற்கிறது. ஐரோப்பிய மருத்துவர்கள் முதலில் இச்செய்தியை நம்பவில்லை. லண்டனில் ஒரு மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியர் ஏளனமாகவே எழுதினார். மேலும் வெற்றிச் செய்திகள் வந்தபின் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

அதன்பின் வழி மெல்லத் திறந்தது. 1842-ல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே இவ்வறுவையைத் தொடங்கிப் பல நூறு பேருக்குச் செய்தார். 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கமும், 1847 நவம்பரில் எடின்பரோவில் குளோரோபாரமும் வந்து வலியை வென்றன. 1858 முதல் லண்டனில் ஸ்பென்சர் வெல்ஸ் இதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். 1880-க்குள் அவர் செய்த சூலக அறுவைகள் 1,000-ஐ எட்டின. அவரிடம் நாம் கற்க வேண்டியது எண்ணிக்கையை அன்று, நேர்மையை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், இறந்தவர்களையும் ஒன்றுவிடாமல் அச்சிட்டு வெளியிட்டார். தொடக்கத்தில் சுமார் மூவரில் ஒருவர் இறந்தனர் என்பதை உலகம் அறிந்தது அவ்வாறே. பிண அறைக்குச் சென்று வந்த எவரும் சில நாட்களுக்குத் தம் அறுவைக் கூடத்தில் நுழையலாகாது என்றும் அவர் விதித்தார். 1867-ல் லிஸ்டர் கிருமிநாச முறையை வெளியிட்ட பின்னர், பாதுகாப்பு மேலும் வளர்ந்தது. வயிற்றறை என்னும் பூட்டிய அறைக்குள் மருத்துவர் துணிந்து நுழைந்தது சூலகக் கட்டியின் வழியாகத்தான். குடல்வால், பித்தப்பை ஆகியவற்றின் அறுவைகள் அந்த வழியைப் பின்தொடர்ந்தே பெருகின.

ஆனால், கைக்குத் திறமை வந்தவுடன் மனத்திற்கு அடக்கம் வருவதில்லை. 1872 ஆகஸ்டில் ஜார்ஜியா மாகாணத்தில் ராபர்ட் பேட்டி என்பவர், கட்டியே இல்லாத, நோயற்ற சூலகங்களை வெட்டி எடுத்தார். மாதவிடாய்த் துன்பத்திற்கும், மனக் கலக்கத்திற்கும், வலிப்பிற்கும் சூலகமே காரணம் என்ற கொள்கை அவருடையது. ஜெர்மனியில் ஹேகாரும் இங்கிலாந்தில் லாசன் டெயிட்டும் அதே காலத்தில் அவ்வழியில் இறங்கினர். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள், அவருள் மிக இளையோரும், காரணம் போதாமலே சூலகங்களை இழந்தனர். அழுத பெண்ணுக்கும், அடங்காத பெண்ணுக்கும் கத்தியே மருந்தாயிற்று. உறுப்பின் பயன் அறியாதவன் கையில் அது குப்பையாகத்தான் தோன்றும்.

அப்பயன் எப்போது விளங்கிற்று? 1896-ல் வியன்னாவில் எமில் க்னாவர் முயல்களின் சூலகத்தை எடுத்து, அதையே உடலில் வேறோர் இடத்தில் பதித்தார். எடுத்ததோடு விட்டால் கருப்பை சுருங்கிப் போயிற்று, பதித்தால் சுருங்கவில்லை. ஆகவே சூலகம் முட்டைக் கூடு மட்டுமன்று, இரத்தத்தில் ஏதோ ஒரு பொருளை விடுக்கும் சுரப்பி என்பது தெளிவாயிற்று. 1929-ல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் புட்டனன்ட்டும் தனித்தனியே அச்சுரப்பைப் பிரித்தெடுத்தனர். சூலகத்தை இழந்த சிறுமி எதை இழக்கிறாள் என்பதை ஒரு நூற்றாண்டுக் காலம் வெட்டிய பின்னரே மருத்துவம் அறிந்துகொண்டது.

அறிந்த பின்னர் மனமாற்றம் தொடங்கிற்று. லண்டனில் விக்டர் பானி என்ற சத்திர சிகிச்சை நிபுணர், கட்டியை மட்டும் தோண்டி எடுத்து உறுப்பை வைத்துத் தைக்கும் முறையை வற்புறுத்தினார். அவருடைய மனைவிக்கே இளவயதில் கருப்பை நீக்கப்பட்டது. மக்கட்பேறு இல்லாமற் போயிற்று. அந்தத் துயரமே அவரை உறுப்பைக் காக்கும் நெறிக்குத் திருப்பியது என்பர். ஆரஞ்சுப் பழத்தில் சுளை நசுங்காமல் தோலை உரிப்பது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். வெட்டி எறிவதற்குப் பத்து நிமிடம் போதும். பிரித்தெடுத்துத் தைப்பதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். இம்முறை கட்டிக்குப் பொருந்திற்று. முறுக்கிற்கு மட்டும் அது நெடுங்காலம் வந்து சேரவில்லை. அதற்குக் காரணம் அச்சம்.

முறுக்கு எவ்வாறு கேடு செய்கிறது என்பதைப் பார்ப்போம். வியன்னாவின் ரொகிடான்ஸ்கி 1865-லேயே, சூலகக் கட்டி தன் காம்பில் சுழன்று நெரிபடுவதை விவரித்து எழுதினார். காம்பு முறுக்கிக்கொள்ளும்போது முதலில் அடைபடுவது மெல்லிய சுவருடைய சிரைகள். இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் தடித்தவை. அவை சிறிது காலம் தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே, உள்ளே வரும் இரத்தம் வருகிறது. வெளியே போக வழியில்லை. சூலகம் வீங்குகிறது, கருநீலமாகிறது, பின்னர்க் கறுக்கிறது. வயிற்றைத் திறந்து பார்க்கும் மருத்துவர் கண்ணுக்கு அது அழுகிய நாவற்பழம் போலவே தோன்றும். இது செத்துவிட்டது என்று அவர் முடிவு செய்வார். அத்துடன் இன்னோர் அச்சமும் இருந்தது. முறுக்கை அவிழ்த்தால், தேங்கி உறைந்த இரத்தக் கட்டி விடுபட்டு நுரையீரலுக்கு ஓடி நோயாளியைக் கொன்றுவிடும் என்று பாடநூல்கள் கூறின. ஆகையால், அவிழ்க்காமலே காம்பைக் கட்டி வெட்டி எடு என்பது விதியாயிற்று. அவ்விதியின்படி எத்தனையோ சிறுமியர் ஒரு சூலகத்தை இழந்தனர். சிலருக்குப் பின்னாளில் மறுபுறமும் முறுக்கிக்கொண்டது. அவர்கள் இரண்டையும் இழந்தனர்.

1946-ல் இங்கிலாந்தின் ஸ்டான்லி வே என்பவர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். முறுக்கிய கட்டிகளை அவிழ்த்து, கட்டியை மட்டும் எடுத்து, சூலகத்தை வைத்துத் தைத்த நிகழ்ச்சிகள் 15. பாடநூல் அஞ்சிய தீங்கு ஒன்றிலும் நேரவில்லை. அன்றே விதி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பழைய பாடநூலின் ஒரு வரி புதிய சான்றுகளைவிட நெடுநாள் வாழும் போலும். 1980-களுக்குப் பின்னர் இஸ்ரேலிலும் பிற நாடுகளிலும் மருத்துவர்கள் கறுத்த சூலகங்களையும் துணிந்து அவிழ்த்து வைத்துவிட்டு, சில மாதங்கள் கழித்து ஒலி அலைக் கருவியால் பார்த்தனர். மிகப் பெரும்பாலானவற்றில் மீண்டும் முட்டைப் பைகள் வளர்ந்திருந்தன! கறுப்பு என்பது மரணத்தின் நிறமன்று, தேங்கிய இரத்தத்தின் நிறமே என்பது புலனாயிற்று. நுரையீரல் அடைப்பும் அவிழ்ப்பதனால் கூடுவதில்லை என்று தெரிந்தது. 2019-ல் அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவ வல்லுநர் கல்லூரி, வளரிளம் பெண்களின் முறுக்கு பற்றி வெளியிட்ட கருத்துரையில், தோற்றம் எவ்வாறிருப்பினும் அவிழ்த்துச் சூலகத்தைக் காப்பதையே நெறியாகக் கூறியது. வே எழுதியதற்கும் இதற்கும் இடையே 73 ஆண்டுகள்.

இனி, கட்டியின் தன்மை. குழந்தைகளுக்குக் கட்டி என்றவுடன் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. சிறுமியரின் சூலகக் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. நீர்ப்பைகள் பல தாமே வற்றிவிடுகின்றன. வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது, டெர்மாய்டு எனப்படும் விந்தையான கட்டி. அதனுள் முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சில சமயம் பல்லும் இருக்கும். முற்காலத்தில் இதைக் கண்டவர்கள் பேயின் செயல் என்றும், பாவத்தின் விளைவு என்றும் கூசாமல் பேசினர். மணமாகாத பெண்ணின் வயிறு பெருத்தால் ஊர் வாய் எதைச் சொல்லும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. உண்மை யாதெனில், உடலின் எல்லாப் பகுதிகளையும் உண்டாக்கும் ஆற்றல் முட்டை அணுவிற்கு இயல்பாகவே உண்டு. எவ்வித ஆண் தொடர்பும் இன்றி அவ்வணு தானே தவறாக வளரத் தொடங்குவதே டெர்மாய்டு. 1970-களில் செய்த மரபணு ஆய்வுகள் இதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தன. இது எவருடைய குற்றமும் அன்று.

அரிதாகப் புற்றுநோய்க் கட்டிகளும் உண்டு. அவற்றுள் பல, இளம்பெண்களுக்கே உரிய முட்டை அணுப் புற்றுகள். 1960-கள் வரை அவற்றுள் கொடிய வகைகள் கண்ட சிறுமியர் இரண்டொரு ஆண்டுகளில் மடிந்தனர். 1965-ல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், மின்னோட்டம் கிருமிகளை என்ன செய்கிறது என்று சோதித்தபோது, கிருமிகள் பிளவுபடாமல் நின்றுவிட்டதைக் கண்டார். காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதிலிருந்து பிறந்த சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து 1978-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் அதனோடு சேர்ந்த மருந்துகளும் இந்தப் புற்றுகளின் தலையெழுத்தையே மாற்றின. இன்று இவ்வகையில் பெரும்பாலான சிறுமியர் பிழைக்கின்றனர். நோயுற்ற பக்கத்தை மட்டும் எடுத்து, மறு சூலகத்தையும் கருப்பையையும் காத்து, வளர்ந்தபின் அவர்கள் தாயாகவும் வழி செய்யப்படுகிறது. ஆகவே, கட்டி திண்மையாக இருப்பின், அறுவைக்கு முன்னரே இரத்தத்தில் புற்றைக் காட்டும் சில பொருள்களைச் சோதித்து, கட்டியை உடைக்காமல் எடுப்பது முறை. காப்பது என்பது கண்மூடிக் காப்பதன்று.

வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை ஆலைத் தொழிலிலிருந்து கிடைத்தது. இரும்பில் மறைந்த விரிசலை ஒலி அலையால் கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றி அறிந்த கிளாஸ்கோ பேராசிரியர் அயன் டொனால்டு, 1955-ல், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கொதிகலன் தொழிற்சாலை ஒன்றிற்குச் சென்றார். நீர்க்கட்டியும் திண்ணிய கட்டியும் வெவ்வேறு எதிரொலி தருவதைக் கண்டார். 1958-ல் லான்செட்டில் அவரும் அவர் துணைவர்களும் வெளியிட்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று நினைவில் நிற்கத்தக்கது. தீராத வயிற்றுப் புற்று என்று கைவிடப்பட்ட பெண்மணி ஒருத்திக்கு ஒலி அலை காட்டியது, எடுத்துவிடக்கூடிய பெரிய சூலக நீர்க்கட்டி. எடுத்தார்கள், பிழைத்தாள். உலோகத் தொழிலாளர்க்கு உதவிய கருவி இன்று ஒவ்வொரு பேரூரிலும் மருத்துவக் கருவியாக விளங்குகிறது. அதே கருவி நம் நாட்டில் பெண் சிசுவை இனங்கண்டு அழிக்கவும் பயன்பட்டதால், 1994-ல் அதைத் தடுக்கும் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பெண்ணைக் காக்க வந்த கண்ணைப் பெண்ணுக்கு எதிராகத் திருப்பியது நம் வெட்கம்.

அறுவையும் சிறுத்தது. பாரிஸின் ராவுல் பால்மர் 1940-களில் வயிற்றினுள் குழாய்க் கண்ணாடியிட்டுப் பெண்ணுறுப்புகளைப் பார்க்கும் முறையை வளர்த்தார். ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம், அக்குழாய் வழியே அறுவையே செய்யக்கூடிய கருவிகளை ஆக்கினார். இன்று பயிற்சியுள்ள மருத்துவர் இரண்டு மூன்று சிறு துளைகளின் வழியே முறுக்கை அவிழ்த்துவிடுகிறார். கட்டியை அப்போதே எடுக்கலாம். அல்லது வீக்கம் வடிந்த பின் சில வாரங்கள் கழித்தும் எடுக்கலாம்.

நம் நாட்டில் இச்சரித்திரத்திற்கு இன்னொரு முகம் உண்டு. நோயைக் கண்டறிவதற்கு முன்னர், நோயாளி மருத்துவர் முன் வர வேண்டுமே! ஆண் மருத்துவரிடம் வயிற்றைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று கருதிய குடும்பங்கள் பல. இதனை உணர்ந்தவர் மேரி ஷார்லீப் அம்மையார். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது சேர்ந்தவர்களுள் ஒருவர். லண்டனில் மேற்படிப்பு முடித்து 1883-ல் சென்னைக்கு மீண்டு, 1885-ல் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என விளங்குவது அதுவே. 1886-ல் மும்பையில் காமா மருத்துவமனையும், 1916-ல் தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியும் அதே நோக்கில் எழுந்தன. 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. 1941-ல் மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. ஆகவே, இன்று நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், வழியில்லை என்று சொல்லும் நிலையில் இல்லை.

வழி இருந்தும் நாம் தாமதிப்பது ஏன்? மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, பூப்பெய்தும் வயதை ஒட்டிய பெண்ணின் அடிவயிற்று வலியை, அந்த வலிதான் என்று ஒதுக்கிவிடுதல். இரண்டாவது, எண்ணெய் தடவி உருவுவது. முறுக்கிய சூலகத்தின்மேல் அழுத்தி உருவுவதால் நன்மை ஒன்றுமில்லை. கட்டி உடையவும் கூடும். அதற்குள் பொன்னான மணிகள் கழிகின்றன. மூன்றாவது, நம்மவர்க்கே உரியது. புதிய ஊரில் தாய்க்கு இந்தியோ மராத்தியோ வங்காளியோ சரளமாக வருவதில்லை. பள்ளியில் பயிலும் குழந்தைக்கு வரும். ஆகவே, வலியால் துடிக்கும் குழந்தையே தன் வலியைத் தானே மொழிபெயர்க்கும் நிலை நேர்கிறது. நாணத்தால் பாதியை விழுங்கிவிடுகிறாள். மருத்துவர் பாதியைக் கேட்டு, குடல்வால் என்றோ அஜீரணம் என்றோ எண்ணி அனுப்பிவிடுகிறார்.

ஆகையால் சிலவற்றை நெஞ்சில் நிறுத்துவோம். திடீரென்று எழுந்த கடும் வலி, ஒரு பக்கத்து அடிவயிற்றில், உடன் வாந்தி, வந்து வந்து போகும் தன்மை, காய்ச்சல் தொடக்கத்தில் இல்லாமை: இவை சேர்ந்து வந்தால் சூலக முறுக்கையும் நினைக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் இது நேரும், பூப்பெய்தாதவளுக்கும் நேரும், கட்டியே இல்லாத சூலகத்திலும் நேரும். வலி தணிந்தது குணத்தின் அடையாளமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முறுக்கு சற்றே தளர்ந்து மீண்டும் இறுகலாம். உறுப்பு உணர்விழந்துகொண்டும் இருக்கலாம். அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்க. வலி தொடங்கிய மணி, வாந்தியின் எண்ணிக்கை, கடைசி மாதவிடாயின் நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. மொழி அறிந்த அண்டை வீட்டு அம்மையார் ஒருவரைத் துணைக்கு அழைக்கத் தயங்க வேண்டாம். இத்தகைய நேரத்தில் பஞ்சாபி அம்மையாரும் நமக்கு அத்தையே. ஒலி அலைச் சோதனையில் இரத்த ஓட்டம் தெரிவதாகச் சொன்னாலும் முறுக்கு இல்லை என்று உறுதியாகாது. ஐயம் வலுவாயின் உள்ளே பார்ப்பதே உறுதி. அறுவைக்கு ஒப்பமிடும் தாளை முன்வைக்கும்போது, சூலகத்தை அவிழ்த்துக் காக்க இயலுமா என்று மருத்துவரைப் பணிவோடு கேளுங்கள். அக்கேள்வி அவமதிப்பன்று. மருத்துவம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு திருந்திய கேள்வியே அது.

வீட்டிற்குத் திரும்பிய பின் இன்னொரு கடமையும் உண்டு. வயிற்றில் உள்ள சிறு தழும்பை மறைக்கச் சொல்லிப் பெண்ணை வளர்க்க வேண்டாம். ஒரு சூலகத்தை இழக்க நேர்ந்தவளும் மற்றொன்றால் பூப்பெய்துவாள். பெரும்பாலும் தாயும் ஆவாள். இதைக் குழந்தைக்கு அவளுடைய வயதிற்கேற்ற சொற்களில் தாயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், தன் உடலில் ஏதோ பெரிய குறை இருப்பதாக அவள் தனியே எண்ணிக்கொண்டிருப்பாள்.

60 மைல் குதிரைமேல் வந்த ஜேன் கிராஃபோர்டுக்கு, செல்வதற்கு ஒரே ஒரு கதவுதான் இருந்தது. அதன் அப்புறத்தில் என்ன இருக்கிறது என்று எவரும் அறியார். இன்று நம் குழந்தைக்கு மருத்துவமனை அருகில் இருக்கிறது. மயக்க மருந்து இருக்கிறது. இருநூறு ஆண்டுகளின் பிழைகளிலிருந்து கற்ற அறிவும் இருக்கிறது. அவளிடம் இருந்து நம்மிடம் குறையக்கூடியது ஒன்றே: புறப்படும் துணிவு. ஓமத் தண்ணீர் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, அன்றிரவே புறப்படுவோமாக.